கேமராக்காரர்கள் சிரித்த நாள்

கேமராக்காரர்கள் சிரித்தார்கள்.

டெரிக் பார்ஜெட்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். லண்டனில் இருபது வருஷமாக டிவிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதித் தயாரிக்கிற மனுஷன். ஒத்திகை நடக்கிற இந்த சர்ச் ஹாலில் இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

ஷூட்டிங்குக்கு முன்னால் கேமராக்காரர்களும் லைட்டுக்காரர்களும் வந்து ஒத்திகையை ஒரு தடவை முழுசாகப் பார்ப்பார்கள். எந்த நடிகர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதுதான் அவர்கள் கவலை. வசனம் காதில் ஏறாது. அன்றைக்கு யாரும் சிரிப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் பார்ஜெட்டர் தன் காரியதரிசி டோரீனிடம் நேற்றே சொல்லியிருந்தார். எதிர் சேனல்காரன் மூணு வருஷ வேலையோடு கூப்பிடுகிறான், இன்று மதியத்துக்குள் பதில் வேண்டுமாம். இங்கேயோ அடுத்த வருஷம் தொடர் உண்டா என்று ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு அந்தக் கேமரா ஜடங்க சிரிச்சா நான் இங்கயே இருக்கேன். இல்லேன்னா கெளம்பறேன்."

இப்போது ஜடங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா டோரீன்? இந்தத் தடிப்பசங்களுக்கே புரியுதுன்னா நாட்டுல எல்லா மாட்டுக்கும் புரியும்." தன் தொடரைப் பார்த்துச் சிரிக்கிற ஜனத்தை மாடு என்றுதான் அவர் சொல்வார்.

"ஆமா சார்" என்றாள் டோரீன். ஸ்டாப்வாட்ச் அவள் கையில் இருந்தது.

தரையில் டேப் ஒட்டிக் காட்டியிருந்த வாசல் வழியாக மிஸ் பிம் வந்தாள். தொடரில் வரும் அசட்டுக் காரியதரிசி. டீயை ஊதி ஊதியே ஆறவிடுவாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுவாள். எல்லாம் டோரீனைப் பார்த்து எழுதியது. அவள் தெருவில் கறிக்கடைக்காரர் அவளை மிஸ் பிம் என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வாரக் கதையில் மிஸ் பிம்மின் அம்மா செத்துப்போகிறாள். தகனத்துக்குப் போன மிஸ் பிம், தப்பான மண்டபத்துக்குள் நுழைந்து, யாரோ ஒரு கிழவனின் சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். பக்கத்து மண்டபத்தில் அம்மாவின் காரியம் அவள் இல்லாமலே முடிந்துவிடுகிறது.

போன பிப்ரவரியில், தன் அம்மா செத்தபோது இப்படித்தான் ஆனது என்று டோரீன் அவரிடம் சொன்னது. வேறு யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவர் கைக்குட்டைகூடக் கொடுத்தார்.

நடிகை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். மூத்த கேமராக்காரர் லென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். லைட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார்.

டோரீன் ஸ்டாப்வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் பார்ஜெட்டர் நேராக நடையில் இருந்த போனுக்குப் போனார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தார்.

"நீ சோப்பு விளம்பரம் போடறதுக்கு நடுவுல நான் சிரிப்பு காட்டணுமா? அதுக்கு வேற கோமாளியப் பாத்துக்கய்யா. ஆமா, இதான் பதில். எழுதிக்க. உன் மொதலாளிகிட்டயும் இதே வார்த்தையில சொல்லு."

போனை வைத்தார். சீட்டியடித்துக்கொண்டு போய் தனக்கு ஒரு டீ ஊற்றிக்கொண்டார்.

லென் கோட்டை மாட்டிக்கொண்டு டோரீன் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ கேட்டுக்கிட்டியேன்னுதான்மா சிரிச்சோம். அந்தப் பெட்டி சீன்லதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. அதுல என்ன சிரிப்பு இருக்கு?"

"ரொம்ப தேங்க்ஸ் லென்."

"அந்தாளு உன்னப் படுத்தற பாட்டுக்கு, நீ அவனுக்கு இவ்ளோ நல்லது செய்யணுமா? ஒனக்கு ரொம்ப எளகின மனசும்மா."

டோரீன் ஸ்டாப்வாட்சைப் பைக்குள் வைத்தாள். அவர் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு டீ மேஜைக்குப் போனாள்.

"சார், காலையில மேலிடத்துலேர்ந்து போன் வந்துது. தொடர் இந்த வருஷத்தோட முடியுதாம்."

பார்ஜெட்டர் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"நீங்க வேற எடம் பாத்துக்கணுமில்ல, அதனால ஒத்திகைக்கு முன்னாடியே சொல்லிடச் சொன்னாங்க."