கிளட்ச் பார்க்க வந்த ஆள்

“மெக்கானிக்கா? இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?”

காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து அந்த வீட்டுக்காரி கேட்டாள். கால்கள் சிறிது நேரம் யோசித்தன. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. “ஆமாக்கா.”

கால்களுக்குச் சொந்தக்காரன் மெக்கானிக் அல்ல, கார் திருடன். தொழில் வட்டாரத்தில் அவனை ஒல்லி என்பார்கள். பழைய கார்களுக்குப் பைத்தியமாய் அலைகிற ஒரு பணக்காரருக்காக, பின்பக்கம் இன்ஜின் வைத்த இந்தப் பழைய காரைக் கிளப்பிக்கொண்டு போக வந்திருந்தான்.

கதவைத் திறந்தது வரை எல்லாம் சுமுகம்தான். உட்கார்ந்து கிளட்சை மிதித்தால், பெடல் உயிரே இல்லாமல் தரையோடு படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வீட்டு வாசற்கதவு கிறீச்சிட, மறுபக்கமாக இறங்கிக் காருக்கடியில் புகுந்தான். உடம்பு போய்விட்டது, கால் போகவில்லை.

“கிளட்ச் சரியில்லைன்னு அவர் ஒரு வாரமா சோறு தண்ணி இறங்காம கிடக்கார். பாரு, சீக்கிரம் பாரு” என்றாள்.

வேறு வழியில்லை. நல்லவேளையாக, இந்தத் தொழிலுக்கு வருமுன் கொஞ்ச காலம் ஒல்லி ஒரு பட்டறையில் குப்பை கொட்டியிருக்கிறான். கியர் பெட்டியின் ஓரத்தில் கேபிளின் நுனி தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த நட்டு துருவேறிக் கிடந்தது.

“இன்ஜினுக்குத் தண்ணி கிண்ணி கொண்டு வரணுமா?”

“இதுக்குத் தண்ணியே வேண்டாம்கா. காத்துலயே குளிர்ற இன்ஜின்.”

“அப்படியா? அப்புறம் எதுக்கு அந்த மனுஷன் தினமும் குளிப்பாட்டறார்?”

ஒல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு குறடால் கேபிள் நுனியைப் பிடித்து, நட்டைத் திருகினான். “அக்கா, உள்ள உக்காந்து கிளட்சைக் கொஞ்சம் மிதிங்க.”

கார் அவன் தலைக்கு மேல் லேசாக முனகியது. “இந்த சீட்ல நான் உக்காருறது இதான் முதல் தடவை. நான் ஏறினா ஸ்பிரிங் இறங்கிடுமாம். ஊருக்குப் போனா நான் பஸ்ல வரணும். எங்கம்மா ஒரு நாள் ஏறினாங்க, செருப்பை வெளியில கழட்டச் சொல்லிட்டார்.”

“மிதிச்சீங்களா?”

“தொட்டதுமே கல்லு மாதிரி இருக்கே!”

ரொம்ப முறுக்கிவிட்டான். ஒல்லி நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தினான். “எடுத்ததும் கனமா இருக்கக் கூடாதுக்கா. முதல்ல ஒரு இஞ்ச் சும்மா இறங்கணும். அப்புறம்தான் பிடிக்கணும்.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரி. முதல்ல கூப்பிட்டா காதுலயே விழாது.”

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது. “வெளியில என்ன சத்தம்?”

ஒல்லியின் கையிலிருந்து குறடு நழுவி மூக்கின் மேல் விழுந்தது. வலிக்குக் கத்தவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“ஒண்ணுமில்லீங்க!” என்று அவள் சத்தம் போட்டாள். “நீங்க முதுகை நல்லாத் தேச்சுக் குளிங்க!”

உள்ளே மறுபடி தண்ணீர் விழுகிற சத்தமும், கேட்கச் சகிக்காத ஒரு பாட்டும் தொடங்கின. ஒல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் அரைச் சுற்று திருகினான்.

“இப்ப?”

“கொஞ்சம் சும்மா இறங்குது. அப்புறம் பிடிக்குது.”

“அவ்வளவுதான்கா!”

மூக்கில் கிரீசும் முட்டியில் சிராய்ப்புமாக வெளியே வந்தான். அவள் காரிலிருந்து இறங்கி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். “ஸ்டார்ட் பண்ணிப் பாரு.”

பூட்டை உடைத்து, ஒயரைப் பிடுங்கி, எத்தனையோ வண்டிகளை எடுத்திருக்கிறான். சாவியைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டவர்கள் யாருமில்லை. இப்படி ஓர் அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று மனதுக்குள் சின்னதாக ஒரு முள் குத்தியது. பொருட்படுத்தாமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

இன்ஜின் பின்னாலிருந்து படபடவென்று கத்தத் தொடங்கியது. கிளட்சை மிதித்தான். கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

குளியலறையில் பாட்டு நின்றது. “ஏய், யாரு வண்டியைத் தொடறது? கண்ணுல சோப்புடி!”

ஒல்லி முகத்தில் மெக்கானிக் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு உடனே வந்துடறேன்கா” என்றான்.

அவள் காம்பவுண்டு கேட்டை அகலத் திறந்துவிட்டு, ஜன்னலோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்:

“வந்துடாத.”