ஆறுதல் பகுதி

"பாஸ்டர், நாளைக்கு அடக்க ஆராதனையில பைபிள்ல அந்த நியாயத்தீர்ப்புப் பகுதி வேண்டாம்" என்றார் சபைச் செயலாளர். "ஆலை முதலாளி முன்வரிசையில உட்காருவார். ஏழைகளை மிதிக்கிறவனுக்கு ஐயோன்னு தீர்க்கதரிசி சொல்றதை நீங்க வாசிச்சா, அவரைக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும்."

"பாய்லர் வெடிச்சு ஒரு உயிர் போயிருக்கே."

"விபத்துன்னு போலீசே எழுதிட்டாங்க. நம்ம கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். தேவன் தன் ஜனத்தை மீட்டுக் கூட்டிட்டு வருவார்னு பின்னாடி ஆறுதலா வருமே, அதை வாசிங்க. அப்புறம், பெத்த வயிறு பத்தி எரியும், புரியுது. ஆனா அம்மா அவரைப் பார்த்து ஏதாவது கத்திட்டா நல்லாவா இருக்கும்? நீங்கதான் பக்குவமா சொல்லிவைக்கணும்."

"சரி, சொல்றேன்" என்றார் போதகர்.

செயலாளரை வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். சவப்பெட்டியில் கிடக்கும் மகனுக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டைக்கு அவர் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றாள் நிமிராமல். "நான் கத்த மாட்டேன். நீங்க ஆறுதலையே வாசிங்க."

"என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"தீர்க்கதரிசிங்க ராஜா முகத்துக்கு நேராவே பேசினாங்கன்னு வருஷக்கணக்கா பிரசங்கம் பண்ணினீங்க. அதைக் கேட்டுத்தான் நம்ம புள்ள முதலாளி முன்னாடி போய் நின்னு, பாய்லர் தாங்காதுன்னு சொன்னான். வாய்க்கொழுப்புன்னு அவனை அந்த பாய்லர்கிட்டயே வேலைக்குப் போட்டாங்க."

சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தச் சபையில உங்க பேச்சை நம்பினவன் அவன் ஒருத்தன்தான்."