டார்ச் பிடித்த கை

“லைட்டைப் போட்டாத்தான் பிளக்ல கரண்ட் வருது, இது ஒரு வேலையா?” அப்பா மகளிடம் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

நடு அறையில் பழைய சுவிட்சைக் கழற்றி, பிளக்கும் சேர்ந்த புதுசை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன், மூன்றாம் முறையும் ஒயரைத் தப்பாக மாற்றி முடுக்கிவிட்டுப் போயிருந்தான்.

“மெயினை அணைச்சா இருட்டு, டார்ச் பிடிக்க ஆள் வேணுமாம். அவன் ஒயரைப் பார்த்தானா, உன் மூஞ்சியைப் பார்த்தானா? நாளைக்கே சித்தி ஊருக்குக் கிளம்பு.”

மறுநாள் காலையிலேயே மகள் பஸ் ஏறினாள்.

மானம் தப்பியது என்று அப்பா வீடு திரும்பினால், டார்ச் வெளிச்சம் மறுபடி வந்திருந்த எலெக்ட்ரீஷியனின் முகத்தில் இருந்தது. டார்ச்சைப் பிடித்திருந்தவள், கல்யாணமே வேண்டாம் என்று அந்த வீட்டிலேயே இருந்த அப்பாவின் தங்கை.

“குறுக்க நிக்காதண்ணா, வெளிச்சத்தை மறைக்கிற.”

அடுத்த மாதம் தங்கை அவனைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனாள். மகளோ திரும்பி வர மறுக்கிறாள். சித்தி ஊர் பிடித்துவிட்டதாம். ஊர் மட்டும்தானா என்று கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை.