சிவப்புப் பட்டியல்

"அக்கா, கதவச் சாத்திட்டு உக்காருங்க," என்றாள் ஷிபா.

லீலாபாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குலசேகரத்துக்கு வெளியே இருக்கும் அந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஹெச்.ஆர். அறைக்குள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எனக்க மேல ஏதாவது புகாரா மேடம்?"

"புகார் இல்ல. தெனமும் காலைல வருகை பதிய எனக்க மேசையில இருக்க மெஷின்ல முகம் காட்டுதீங்கல்லா? ஒடனே 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?'ன்னு கேக்கும். எல்லாரும் சிரிக்கிற படத்த அமுக்கிட்டுப் போறாங்க. நீங்க மட்டும் பதினெட்டு நாளா அழுற படத்த அமுக்குதீங்க."

லீலாபாய் மேசை மேலிருந்த மெஷினைப் பார்த்தாள்.

"அது நேரா சென்னை ஆபீசுக்குப் போவுது. ஒங்க பேரு இப்ப செவப்புப் பட்டியல்ல இருக்கு."

"செவப்புன்னா வேல போயிருமா?"

"மனசு சரியாச்சுன்னு டாக்டர் எழுதித் தர வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லுவாங்க."



ஷிபாவின் போன் அடித்தது. சென்னையிலிருந்து மேலாளர் அபிலாஷ். அன்றைக்கு அது ஆறாவது அழைப்பு. அவர் குரல் எதிரே இருந்தவளுக்கும் கேட்டது.

"அந்த லேடி ரிப்போர்ட் எங்க? மூணு மணிக்குள்ள வரணும். அவங்க ஏதாவது பண்ணிக்கிட்டா நீதான் பதில் சொல்லணும்."

"சரி சார். அனுப்பிடுறேன் சார்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். மணி இரண்டே முக்கால்.

"சொல்லுங்க அக்கா. வீட்டுல பிரச்சினையா?"

"இல்ல மேடம். மொவன் குவைத்துல இருக்கான். தெனமும் விளிச்சுப் பேசுவான். மருமவளும் நல்ல பிள்ள."

"சூப்பர்வைசர் எட்சன் ஏதாவது சொல்லுதாரா?"

"அவரு பாவம். ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ராத்திரி ஒறக்கம் வருதா? சாப்பிடுதீங்களா?"

"படுத்தா ஒறங்கிருவேன். இன்னைக்கும் கப்பயும் மீனும் தின்னுட்டுதான் வந்தேன்."

"பின்ன எதுக்கு எங்கிட்ட மறைக்கீங்க?" ஷிபாவின் குரல் நடுங்கியது. "தெரியாம கை பட்டுட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே எழுதி அனுப்பிருதேன். ஒங்களுக்கும் வேல இருக்கும், எனக்கும் இருக்கும்."

"தெரிஞ்சுதான் அமுக்குனேன் மேடம்."

"பதினெட்டு நாளுமா?"

"பதினெட்டு நாளும். சென்னையில உள்ளவங்க யாராவது பாத்து, என்னன்னு கேப்பாவன்னு நெனச்சேன்."

"அதத்தான் நான் கேக்கேன். ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

லீலாபாய் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். ஷிபாவின் தோளில் கை வைத்தாள்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல மக்கா. அந்த மெஷின் எங்க எல்லாரையும் கேக்குது, ஒன்னக் கேக்கல. அதான் தெனமும் காலைல ஒனக்க முகத்தப் பாத்து அமுக்குனேன்."