வெளிச்சம் பத்தாத வேன்

“கராஜ்னு போர்டு மாட்டிக்கிட்டு ஊர ஏமாத்துறீங்களா நானா?”

சந்திரிகா போட்ட சத்தத்தில் ஹந்தானை ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். கராஜ்காரர் நஸீம் நானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“என்ன தங்கச்சி, என்ன நடந்திச்சி?”

“இன்னும் என்ன நடக்கணும்? ஹெட்லைட்டு கண்ணாடி மஞ்சளாயிருச்சுன்னு தேய்ச்சுக் குடுத்தீங்க. அப்புறம் பல்ப மாத்துனீங்க. போன மாசம் ரெண்டு பக்கமும் செட்டையே கழட்டி வேற போட்டீங்க. இன்னும் வெளிச்சம் பத்தலங்கிறாரு. நேத்து விடியக்காலைல மூடுபனிக்குள்ள வேன் ரோட்ட விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சு. ஆளுங்கள ஏத்தியிருந்தா என்ன கதி?”

அவள் புருஷன் கணேஸ், தெல்தோட்டைக்கும் கண்டிக்கும் வேன் ஓட்டுகிறவன். ஒரு வார்த்தை பேசாமல் வேன் கதவில் சாய்ந்து நின்றான். பெண்டாட்டியைச் சண்டைக்கு விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறானே, இவனும் ஒரு ஆம்பளையா என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

“சாமான் சரியில்ல போல தங்கச்சி. ஏன்ட பிழைதான்” என்றார் நானா. “வேன விட்டுட்டுப் போங்க. கொழும்புல வேற செட் தேடி எடுத்துப் போடுறேன்.”

“அப்போ போட்டது குப்பைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க?”

நானா தலையை ஆட்டினார்.

தன் காரின் ஹெட்லைட்டை மினுக்க வந்து, கதிரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் எழுந்தார். “நான் வேற இடத்துல பாத்துக்கிறேன்” என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்தவர் சண்டையில் புத்தி தெளிகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நானா அவரைத் தடுக்கவில்லை.

“பஸ் எப்பன்னு கேட்டுட்டு வர்றேன்” என்று சந்திரிகா மூக்கைச் சிந்தியபடி ரோட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு நானா வேனில் ஏறி ஹெட்லைட்டைப் போட்டார். எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. மூலையில் தொங்கிய ஒட்டடைகூடத் தெரிந்தது.

“கணேஸ், இந்த லைட்டுக்கு என்ன குறை? சொல்லுங்க பாப்பம்.”

கணேஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“லைட்டுக்கு ஒண்ணுமில்ல நானா. என் கண்ணுதான். சுத்திவர ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு. ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். போன தடவ நானே ஓட்டிப் பாத்தேனே, ரோடு பட்டப்பகல் மாதிரி கெடந்திச்சி. டாக்டர்ட காட்டினீங்களா?”

“பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேன் ஹயர் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டுத்தான் போனேன். கண்ணு நரம்பு செத்துப் போச்சாம். இருக்கிறத காப்பாத்த மருந்து விடலாம், போனது வராதுன்னுட்டாங்க.”

நானா லைட்டை அணைத்தார்.

“தேயிலைக்குள்ள இறங்குனதோட பயந்துட்டேன் நானா. இனி ஸ்டியரிங்க தொட மாட்டேன். ஆனா சந்திரிகாவுக்குத் தெரியக்கூடாது.”

“மறைக்கிற விசயமா இது?”

“வேன வாங்கின அன்னைக்கு, இனி நீ கூடைய தலையில மாட்ட வேணாம்னு அவளுக்குச் சொன்னவன் நான். தெரிஞ்சா மறுநாளே கொழுந்தெடுக்க மலையேறிருவா. அவ முதுகு அதத் தாங்காது. நான் டவுன்ல கடை கண்ணியில ஏதாச்சும் வேல தேடிக்கிறேன். அதுவரைக்கும் சாமான் வரலன்னே சொல்லுங்க. உங்க பேர்தான் கெடும்...”

“ஏன்ட பேர் கெட்டாக் கெடட்டும். மருந்த மட்டும் விடாம ஊத்துங்க.”

வெளியிலிருந்து சந்திரிகாவின் குரல் கேட்டது. பஸ் வருகிறதாம். கணேஸ் வேனின் பக்கவாட்டைக் கையால் தொட்டுத் தொட்டு வாசலுக்கு வந்து, ரோட்டோரம் போய் நின்றான்.

நானா ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது எதிரே சந்திரிகா.

“குடைய விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். எத்தன நாளாகும் நானா?”

“சாமான் கெடைக்கிறது கஷ்டம் தங்கச்சி. இந்த மாசம் சரிவராது.”

“வரவே வேணாம் நானா.”

நானா புரியாமல் பார்த்தார். அவள் குரலில் இப்போது சண்டை இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“நாலு பேர் முன்னால உங்கள ஏசிட்டேன், மன்னிச்சிருங்க. அப்பிடி ஏசாட்டி அவரு வேன விட்டுட்டு வந்திருக்க மாட்டாரு. இன்னைக்கு வர்ற வழியெல்லாம் வாயாடுற மாதிரி, அந்தா பஸ் வருது, இந்தா வளைவு வருதுன்னு நான்தான் சொல்லிக்கிட்டே வந்தேன். கோப்பையில சோத்தப் போட்டு வச்சாலும் கையால தடவித்தான் கண்டுபிடிக்கிறாரு. எனக்குத் தெரியாமப் போகுமா?”

நானா ரோட்டோரம் நின்ற கணேஸை எட்டிப் பார்த்தார்.

“தோட்டத்துல பேர் பதிஞ்சிட்டேன். திங்கக்கிழமை மலைக்குப் போறேன். வேன் கராஜ்ல கெடக்கிற வரைக்கும்தான்னு அவருகிட்ட சொல்லிக்குவேன்.”

ரோட்டில் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் பழைய கோபத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அடுத்த கிழமையும் வந்து ஏசுவேன், பொறுத்துக்கங்க நானா. அவருக்குக் கண்ணு போனது எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிராதீங்க.”