ரெண்டும் ஒரே இனம்தான்

மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்த மாமனார், பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா, பூச்சி கடிச்சிடுச்சா?” மருமகள் டீயை வைத்தாள்.

“புழுவா இருக்கும்போது இலைக்குள்ள சுரங்கம் தோண்டுற அந்துப்பூச்சிம்மா. மலை உச்சியில இருக்கிறதும் அடிவாரத்துல இருக்கிறதும் வேற வேற இனம்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கட்டுரை எழுதியிருந்தார். ஆராய்ச்சிப் பத்திரிகையிலருந்து பேரை மறைச்சு என் கருத்துக்கு அனுப்பினாங்க. ‘ரெண்டும் ஒரே இனம்தான். எழுதினவருக்கு ஆராய்ச்சி சரிப்படாது’ன்னு திருப்பிட்டேன். இன்னிக்குத்தான் தெரியுது, வேற வேறதான்.”

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உச்சியில இருக்கிற புழு இலையோட நடு நரம்பைத் தாண்டித் தோண்டும். அடிவாரத்துப் புழு தாண்டாது. அதானே மாமா?”

அவர் அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவள் என்று கல்யாணத்தின்போதே சொன்னார்கள். ஏன் விட்டாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“டீ ஆறிடப்போகுது, குடிங்க மாமா.”