கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்

இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய கார் நட்ட நடுவழியில் மக்கர் செய்தது. மிதித்த கிளட்ச் பெடல் மேலே எழும்பவேயில்லை, கியரும் விழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். பின்சீட்டில் மனைவியின் மடியில் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவன் கையைக் காட்டியும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

முன் கண்ணாடியில் ஒரு மெக்கானிக்கின் எண் ஒட்டியிருந்தது. அந்த எண்ணை அழைத்தான்.

"அண்ணே, கிளட்ச் பெடல் உள்ளயே போயிடுச்சு. குழந்தைக்கு மூச்சு விட முடியல."

மறுமுனையில் காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது.

"பதறாதீங்க தம்பி. டிக்கியில பிரேக் ஆயில் இருக்கும். பானெட்டைத் திறந்து கிளட்ச் டப்பாவுல ஊத்திட்டு, பெடலை முப்பது தடவை மிதிங்க."

மிதித்தான். பெடல் பாதிவரை எழும்பியது.

"அது போதும். முதல் கியரைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க."

ஆஸ்பத்திரியில் 'இனி பயமில்லை' என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுபடி அழைத்தான்.

"பொண்ணு பிழைச்சிட்டாண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது என் வண்டி இல்ல. ஆம்புலன்ஸ் வரல. தெருவுல சாவியோட நின்ன வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

"தெரியும் தம்பி. அது என் வண்டி."

அவன் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தான்.

"நீங்க கூப்பிட்டப்ப போலீஸ் ஸ்டேஷன்ல வண்டியக் காணோம்னு புகார்தான் எழுதிட்டிருந்தேன். கிளட்ச்னு சொன்னதுமே என் வண்டின்னு புரிஞ்சுடுச்சு. போன்ல குழந்தை மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. எழுதினதைக் கிழிச்சுட்டு வெளிய வந்துட்டேன். பாப்பா இப்ப தூங்குதா?"